இறங்கினால் ஏறாது

1985-இல் புரோட்டோன் சாகா கார் வந்தபோது அது மலேசியாவின் தேசியப் பெருமை. பெருமைக்குள் இருந்த உடம்பு மிட்சுபிஷியுடையது என்பது வேறு கதை.

புரோட்டோன் காடிகளின் மின்கண்ணாடி இறங்கினால் ஏறாது என்பது நாடறிந்த கேலி. டோல் சாவடியில் கதவை ஒரு சாண் திறந்து காசு நீட்டியவர்கள் உண்டு.

வாரண்டி முடிந்த மறுமாதமே பழுது வரும் என்பது ஈப்போ பட்டறைப் பஞ்சாங்கம். கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு, "முழு செட்டையும் மாத்தணும்ணே" என்பார் மெக்கானிக். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், பழைய ஹோண்டா கப்சாய் மோட்டார்சைக்கிள் ஒரே ஸ்பானரை நம்பி ஓடுகிறது.

2022-இல் பிளஸ் நெடுஞ்சாலைக்கு ஆர்எஃப்ஐடி வழித் தானியங்கி டோல் கட்டணம் வந்தது. இனிக் கண்ணாடியை இறக்கவே வேண்டாம். பட்டறை தீர்க்காததை டோல் தீர்த்துவிட்டது.