பல்லும் பந்தும்

கேள்வி: மகனுக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. பின்னேரமானால் உதைபந்தாட்ட மைதானம்தான் வீடு. படிப்பையும் பந்தையும் சேர்த்துக் கொண்டுபோனவர் யாரும் உண்டா?
– வாசகர் ஒருவர், மானிப்பாய்

பதில்: இருக்கிறார், ஆனால் மெக்சிகோவில்! ஹூகோ சான்செஸ். மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் படித்துக்கொண்டே, அதே பல்கலைக்கழகத்தின் பூமாஸ் அணிக்கு ஆடியவர். 1981இல் ஸ்பெயினுக்குப் போனார். அங்கே ஐந்து பருவங்களில் லீக்கின் அதிக கோல்காரர் அவரே. 1989-90இல் ரியல் மாட்ரிட்டுக்கு 38 கோல்கள். அத்தனையும் ஒரே தொடுகையில் அடித்தவை. பந்தை நிறுத்தி யோசித்ததே இல்லை. பல் பிடுங்கப் படித்தவர் அல்லவா, யோசித்தால் கதிரையில் இருக்கிறவர் எழும்பி ஓடிவிடுவாரே!

கோல் போட்டதும் குட்டிக்கரணம் அடிப்பார். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக் செய்த சகோதரியின் தயவு அது. ஆனால் 1986இல் சொந்த நாட்டு உலகக்கிண்ணத்தில், பராகுவேயுடன் கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியைக் கோட்டைவிட்டார். பட்டம் வாங்கியவர்களுக்கும் இது நடக்கும்.

வைத்தியப் படிப்பு உங்கள் ஊருக்குப் புதிதில்லையே. 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தது மானிப்பாயில்தான். ஆகவே மகனை மைதானத்துக்கு விடுங்கள். ரியூசனுக்குக் கள்ளம் அடித்தால் மட்டும் சான்செஸின் பெயரைச் சொல்ல விடாதீர்கள். அவர் பட்டத்தை வாங்கியே விட்டார்.