இத்தாலிய நகரங்களில் உட்காருதல்: அமர்விடவியல் நோக்கில் ஓர் ஆய்வு

இத்தாலிய நகரங்களைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட நூல்கள் கோபுரங்களின் உயரத்தையும் ஓவியங்களின் வயதையும் போப்பாண்டவர்களின் பூசல்களையும் விரித்துரைத்தனவேயன்றி, அவற்றைக் காணச் செல்லும் பயணி எங்கே உட்காருவார் என்னும் அடிப்படை வினாவை எழுப்பவேயில்லை. எட்டே நாளில் ரோம், புளோரன்ஸ், சியன்னா, வெனிஸ் ஆகிய நான்கையும் முடித்து ஊர் திரும்பும் பயணியின் நினைவில் புளோரன்சின் மெடிசி குடும்பத்தின் வம்சாவளி தங்குவதில்லை. ஆனால் எந்தச் சதுக்கத்தின் எந்த மூலையில் நிழலோடு கூடிய கல் ஒன்று கிடைத்தது என்பது அவருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் துல்லியமாக நினைவிருக்கிறது. இந்த உண்மையை அடித்தளமாகக் கொண்டு, வரலாற்றைக் கண்ணின் வழியே அல்லாமல் பிருட்டத்தின் வழியே அணுகும் துறைக்கு அமர்விடவியல் என்று இங்கே பெயரிடப்படுகிறது.

உட்காருதலாவது யாதோ எனின், உடலின் எடையைக் கால்களிலிருந்து நீக்கி, நிலத்தின் மீதோ நிலத்தோடு தொடர்புடைய பொருளின் மீதோ இறக்கி வைத்தலாகும். தூணிலோ சுவரிலோ முதுகைச் சாய்த்துப் பாதி எடையை மட்டும் இறக்குவது அரையமர்வு எனப்படும். காவலர் பார்க்கையில் ஷூ கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்து, கட்டி முடித்த பின்னும் எழாதிருப்பது கள்ளவமர்வு எனப்படும். தமிழ் அகப்பொருள் மரபில் முல்லைக்கு உரிய ஒழுக்கமாகிய இருத்தல் என்பதும் இத்துறைக்கே உரியது. அது தலைவன் வரும்வரை ஆற்றியிருத்தலைக் குறிக்குமேயன்றி உட்காருதலைக் குறிக்காது என்று மறுப்பார் உளராயின், புளோரன்சின் உஃபிசி ஓவியக்கூடத்து வாயிலில், நுழைவுச்சீட்டு வாங்கப் போன கணவரை எதிர்நோக்கி, மூன்று பைகளின் மேல் அமர்ந்திருக்கும் மனைவியை அவர்கள் கண்டதில்லை என்க.

உட்காரும் வேட்கை பிறப்பதற்கான காரணங்களை நெடிது ஆராய வேண்டியதில்லை. ரோமின் பழைய தெருக்களில் பாவியிருக்கும் சான்பியெத்ரீனி என்னும் சிறு எரிமலைக் கற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சாய்ந்திருப்பதால், அவற்றின் மீது ஒரு கிலோமீட்டர் நடப்பது கணுக்காலின் கணக்கில் இரண்டாகப் பதிவாகிறது. புளோரன்ஸ் தேவாலயத்தின் பெருங்குவிமாடத்துக்கு 463 படிகள்; மின்தூக்கி கிடையாது. சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டியபோது படுத்துக்கொண்டு வரைந்தார் என்று ஊரெல்லாம் சொல்லப்பட்டாலும், அவர் நின்றபடி கழுத்தை அண்ணாந்தே வரைந்தார். அந்த நிலையில் தம் உடல் பட்ட பாட்டைப் புலம்பி ஒரு கவிதை எழுதி, அருகே தம் உருவத்தையும் கிறுக்கி வைத்திருக்கிறார். அங்கே இன்று சுவரோரம் இருக்கைகள் உண்டு. அவற்றில் ஓர் இடம் காலியாகும் நொடியில் அதை நோக்கிப் பாயும் கூட்டத்தில், உலகைப் படைக்கும் கடவுளைத் தலை நிமிர்ந்து பார்ப்பவர் எவரும் இலர்.

ஒரு காலத்தில் இத்தாலியில் உட்காருதல் செம்மையாக ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது என்பதற்கு ரோமின் கொலோசியமே சான்று. கி.பி. 80-இல் திறக்கப்பட்ட இவ்வட்டரங்கம், அடிப்படையில், ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் உட்காருவதற்காகக் கட்டப்பட்ட ஒரு மாபெரும் திண்ணையாகும். அடித்தட்டில் செனட் மன்றத்து உறுப்பினர்களும், மேலே செல்லச் செல்ல மதிப்புக் குறைந்தவர்களும், உச்சியில் பெண்களும் ஏழைகளும் அமர்த்தப்பட்டனர். எண்பது வாயில்களில் எழுபத்தாறுக்கு எண் பொறிக்கப்பட்டிருந்ததால் அவரவர் தத்தம் இடத்துக்குத் தள்ளுமுள்ளு இன்றிச் செல்ல முடிந்தது. பிற்காலத்தில் ரோம் நகரத்தார் வீடும் கோயிலும் கட்டுவதற்காகவும் சுண்ணாம்பு சுடுவதற்காகவும் அந்தப் பளிங்கு இருக்கைகளைப் பெயர்த்துச் சென்றனர். வாயிலின் எண்கள் சில இன்றும் இருக்கின்றன, இருக்கைகள்தாம் இல்லை. ஆகவே நிமிடக் கணக்கில் நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே வாங்கி உள்ளே செல்லும் இன்றைய பயணி, அந்த மாபெரும் உட்காருமிடத்தில் நின்றுகொண்டே இரண்டு மணி நேரம் கழிக்கிறார்.

அவ்வாறு வெளியேறியவர், இயல்பாகவே, ஸ்பானியப் படிகளை நாடுவார். ஸ்பானியச் சதுக்கத்தையும் மேலேயுள்ள திரினித்தா தேய் மோன்தி தேவாலயத்தையும் இணைக்க 1720-களில் கட்டப்பட்ட இந்தப் படிக்கட்டு, ஏறுவதற்கென்றே அமைக்கப்பட்டது என்பாரும், உட்காருவதற்கென்றே அமைந்தது என்பாரும் உளர். பின்னவர் கூற்றே வலுவுடையது; ஏறுவது மட்டுமே நோக்கமாயின் இத்தனை அகலமும் இத்தனை தளங்களும் வேண்டியதில்லை. ஆயினும் 2019-இல் இப்படிகளில் உட்காருவது தடை செய்யப்பட்டது. மீறினால் 250 யூரோ அபராதம். படியை அழுக்காக்கினாலோ சேதப்படுத்தினாலோ 400 யூரோ வரை ஏறும். சீழ்க்கையுடன் காவலர்கள் நிறுத்தப்பட்டனர். குந்திய மாத்திரத்தில் எழும் சீழ்க்கை ஒலியைக் கேட்டு நாலைந்து நாட்டவர் ஒரே நேரத்தில் எழுந்து, தாம் உட்காரவேயில்லை என்னும் முகபாவத்தோடு பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொள்வது, சொல்லின் துணையின்றி நடைபெறும் பன்னாட்டு உரையாடலாகும்.

இத்துறையின் மையச் சான்றுகள் புளோரன்சிலேயே கிடைக்கின்றன. 1444-இல் தொடங்கப்பட்ட மெடிசி மாளிகை, 1489-இல் தொடங்கப்பட்ட ஸ்த்ரோத்சி மாளிகை, ருச்செல்லாய் மாளிகை ஆகியவற்றின் வெளிச்சுவரின் அடியில், தெருவைப் பார்த்தவாறு, கல்லாலான நீண்ட திண்டு ஒன்று கட்டடத்தோடு சேர்த்தே அமைக்கப்பட்டுள்ளது. தமிழில் இதற்குத் திண்ணை என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. கடன் கேட்க வந்தவரும் சிபாரிசு வேண்டி வந்தவரும், மாளிகைக்காரர் அழைக்கும்வரை இதில் காத்திருந்தனர்; காத்திருந்தோர் எத்தனை பேர் என்பதே வீட்டுக்காரரின் செல்வாக்கைத் தெருவுக்குப் பறைசாற்றியது. ருச்செல்லாய் மாளிகையில் முதுகு சாயும் பகுதிக்கு மட்டும் சாய்சதுரக் கோலம் செதுக்கியிருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளாக உட்கார்ந்தவர்களின் உடைகள் உரசி உரசி, இத்தகைய திண்டுகளின் விளிம்பு, அம்மிக்கல்லின் விளிம்பு போல மழுங்கி வழவழத்துக் கிடக்கிறது. இன்றும் மாலையில் அவற்றில் அமர்ந்து ஐஸ்கிரீம் உண்போர் தாம் எந்தக் கடனும் கேட்க வரவில்லை என்பதை எண்ணி மகிழலாம்.

மெடிசியினர் 1397-இல் தொடங்கிய தொழில் வங்கித் தொழில் என்பது இங்கே தற்செயலன்று. நாணயம் மாற்றுவோர் முன்னே போட்டு அமர்ந்த பலகைக்கு இத்தாலியில் பாங்கோ என்று பெயர். அச்சொல்லின் வழியில் வந்ததே பேங்க். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த பெஞ்சும் அதே பழைய ஜெர்மானிய வேரில் கிளைத்ததாகும். ஆகவே பெஞ்சும் பேங்க்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளை போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழ்க் கரைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘வாங்கு’ என்று வழங்குகிறது. உட்காரும் பலகைக்கும், காசு கொடுத்துப் பெறு என்னும் ஏவலுக்கும் ஒரே சொல்லாக அமைந்த இந்த நயம் தமிழில் மட்டுமே தற்செயலாக வாய்த்தது. எனினும் இத்தாலியச் சுற்றுலாவின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. காப்பிக் கடையில், பாங்கோ என்றே வழங்கும் முகப்புப் பலகையின் முன் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையருகே உட்கார்ந்து குடித்தால் வேறு விலை; இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு காப்பியின் விலையன்று, நாற்காலியின் வாடகை. உணவகங்களில் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும் கோபெர்த்தோ என்னும் கட்டணமும், ரொட்டிக்கும் மேசை விரிப்புக்கும் என்று சமாதானம் சொல்லப்பட்டாலும், அமர்விடவியலார் அதனை உட்காரும் வரி என்றே கொள்வர்.

வரி கொடாமல் உட்காருவோரைப் புளோரன்ஸ் நகராட்சி 2017-இல் எதிர்கொண்ட விதம் தனிக் கவனத்துக்குரியது. சாந்தா குரோச்சே முதலிய தேவாலயங்களின் படிகளில் பயணிகள் அமர்ந்து உண்பதைத் தடுக்க, மதிய உணவு வேளையில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் படிகளை நனைத்து வைக்குமாறு மேயர் ஏற்பாடு செய்தார். காலையில் வாசல் தெளிப்பது வருவோரை வரவேற்க என்று பழகிய தமிழர் இதன் உட்பொருளைச் சற்றுத் தாமதமாகவே உணர்வர். கோடை வெயிலில் அக்கற்கள் விரைவில் உலர்ந்துவிடும் என்பதை மட்டும் இத்திட்டத்தின் குறையாகச் சுட்டலாம்.

அதே சாந்தா குரோச்சேயில்தான் 1817-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தாலுக்குப் புகழ்பெற்ற அந்த மயக்கம் நேர்ந்தது. பேரழகைக் கண்ட கிளர்ச்சியில் நெஞ்சு படபடக்க, விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்துடன் அவர் வெளியே நடந்தார். பின்னாளில் புளோரன்சின் மனநல மருத்துவர் கிராத்சியெல்லா மகெரீனி, இத்தகைய நிலைக்கு உள்ளான பயணிகளை ஆராய்ந்து, அதற்கு ஸ்தாந்தால் நோய்க்குறி என்று பெயரிட்டார். கலையே காரணம் என்பது மருத்துவர் தரப்பு. ஆனால் ஸ்தாந்தால் தாமே எழுதிய குறிப்பை ஊன்றிப் படித்தால், மயக்கத்துக்கு முன் அவர் ஒரு மண்டியிடு பலகையின் படியில் அமர்ந்து, கழுத்தை மேசைமேல் மடித்துச் சாய்த்து விதானத்தை அண்ணாந்து பார்த்திருந்ததும், மயக்கத்துக்குப் பின் சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தமக்குப் பிடித்த கவிதையைப் படித்துத் தேறியதும் தெளிவாகும். எனவே நோய் கோணலாக உட்கார்ந்ததால் வந்தது, நேராக உட்கார்ந்ததால் தீர்ந்தது என்பதே அமர்விடவியலின் துணிபு.

இத்தாலியத் தேவாலயங்களில் பயணிகள் காட்டும் பக்தியையும் இவ்வாறே மறுஆய்வு செய்ய வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு மரப்பெஞ்சில் தலை கவிழ்ந்து அசையாதிருப்பவருள் எத்தனை பேர் செபத்தில் ஆழ்ந்திருக்கின்றனர், எத்தனை பேர் குதிகால் கொப்புளத்தைப் பார்த்திருக்கின்றனர் என்பதைப் பின்னிருந்து கூற இயலாது. ரோமின் பாந்தியனும் ஒரு தேவாலயம் ஆதலால் அங்கும் பெஞ்சுகள் உண்டு. 2023 ஜூலையில் அங்கே நுழையப் பயணிகளுக்கு 5 யூரோ கட்டணம் விதிக்கப்பட்டது. ஓவியர் ரஃபேலின் கல்லறையும் குவிமாடத்தின் திறந்த கண்ணும் இருக்கையோடு சேர்த்துக் கிடைப்பதால், ரோமில் இதுவும் மலிவான இருக்கையே எனலாம்.

வெனிசைச் சுருக்கமாக முடிக்கலாம், ஏனெனில் அங்கே உட்கார இயலாது. சான் மார்க்கோ சதுக்கத்துப் படிகளில் அமர்வது குற்றம். 2019-இல் ரியால்தோ பாலத்துப் படியில் சிறு அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்ட இரு ஜெர்மானியப் பயணிகளுக்கு 950 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. 1720 முதல் சான் மார்க்கோ சதுக்கத்தில் நடைபெற்றுவரும் ஃப்ளோரியன் காப்பிக்கடையில் நாற்காலிக்கு உரிய விலை கொடுத்து, இசைக்குழு வாசிக்கும்போது இசைக்கெனத் தனித்தொகையும் கொடுத்து, முறைப்படி அமரலாம். கடல்நீர் ஏறும் நாள்களில் நடப்பதற்கென வைத்திருக்கும் பலகை மேடைகள் நீர் வடிந்தபின் அடுக்கிக் கிடக்கும். பயணிகள் அவற்றைக் கண்டதும் பெஞ்சாக்கிக்கொள்வதால், வெள்ளமே வெனிசின் ஒரே கொடையாளி என்று கொள்ளப்படும்.

சியன்னாவின் காம்போ சதுக்கம் விதிவிலக்கு. ஒன்பது செங்கல் பகுதிகளாக, சிப்பி போல, நகர மாளிகையை நோக்கிச் சரிந்திறங்கும் அத்தரையில் மக்கள் உட்காருவதோடு நில்லாமல் படுக்கவும் செய்கின்றனர். தரையே இருக்கையாக இருக்கும் ஊரில் ஆய்வுக்கு இடமில்லை.

முடிவாக, அந்த நான்கு நகரங்களுக்கும் வெளியே, பொம்பேயி என்னும் பண்டைய நகரம். அதன் ஹெர்குலேனியம் வாயிலைக் கடந்து வெளியே வந்ததும் இடப்புறத்தில், அரைவட்ட வடிவில், முதுகு சாயும் கல்லோடு கூடிய இருக்கை ஒன்று உள்ளது. அது மாமியா என்னும் பெண் பூசாரியின் நினைவிடமாகும். பெயரொப்புமை கருதி இவரை எவருக்கும் மாமியார் எனக் கொள்ளற்க. களைத்து வரும் வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறுவதே இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதியது போல அந்நகரத்தார், கல்லறையையே இருக்கையாக அமைத்தனர். 1787 மார்ச்சில் ஜெர்மானியக் கவிஞர் கோதே இங்கு வந்து, அவ்விடத்திலிருந்து தெரிந்த கடலையும் சாயும் சூரியனையும் வியந்து எழுதினார். அந்த இருக்கையின் முதுகுப்பகுதியில் வெட்டியிருக்கும் பெரிய எழுத்துகளில் பூசாரியின் பெயரும், அவர் தந்தையின் முதலெழுத்தும், இவ்விடம் நகர மன்றத்தின் தீர்மானத்தால் அளிக்கப்பட்டது என்ற செய்தியும் உள்ளன. கட்டணம் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை.