ஒரு பொத்தான் வேண்டி மனு

பெறுநர்: இந்தியத் தேர்தல் ஆணையம், புது டெல்லி.

பொருள்: வாக்குப்பதிவு இயந்திரத்தில் கூடுதலாக ஒரு பொத்தான் வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

யாரையும் பிடிக்காதவர்களுக்கு 2013-இல் நோட்டா கொடுத்தீர்கள். எனக்கு ஒரு கட்சியைப் பிடிக்கும். அதுதான் சிக்கல்.

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் நின்றது ஆளுக்கு ஆறில். என் தொகுதி அந்தப் பன்னிரண்டில் இல்லை. சிவப்புத் துண்டு போட்ட தோழர்கள் வந்து, கூட்டணித் தலைமையான தி.மு.க.வின் உதயசூரியனுக்குப் போடச் சொன்னார்கள். போட்டேன். விவிபாட் கண்ணாடிக்குள் ஏழு விநாடியும் சூரியன்தான் தெரிந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நான் போட்ட ஓட்டு நிறைவேற்றியது; நான் போட நினைத்த ஓட்டு வெளிநடப்புச் செய்தது. (எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு. நல்ல நாள் பார்த்தார்கள்.) 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தலில் பேசியவர்கள் நான் போட நினைத்தவர்கள். பந்தலைப் பிரித்த போலீஸ், நான் போட்டவர்களுடையது.

தனியாக நிற்கட்டுமே என்பீர்கள். 2014-இல் நின்றார்கள்: பதினெட்டுத் தொகுதி, பதினெட்டிலும் டெபாசிட் காலி. 2016-இல் விஜயகாந்தை முதல்வராக்கப் புறப்பட்டார்கள்; ஒரு சீட்டும் தேறவில்லை. 2019-இல் தி.மு.க. இவர்கள் இருவருக்கும் சேர்த்து 25 கோடி ரூபாய் தேர்தல் நிதி கொடுத்த கணக்கு உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. உண்டியலில் நான் போட்ட பத்து ரூபாய்க்கு அங்கே என்ன குரல் இருக்கும், சொல்லுங்கள்.

புளியரை தாண்டிக் கேரளத்தில் ஓட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றால், அங்கே இவர்களுக்குக் காங்கிரஸின் கை சின்னம் எதிரி. இங்கே அதே கைக்கும் சேர்த்துத்தான் ஓட்டுக் கேட்கிறார்கள்.

ஆகவே, நோட்டாவுக்குக் கீழே ஒரு பொத்தான்: 'ஆள் உண்டு, இந்தத் தொகுதியில் இல்லை.' பக்கத்தில் அரிவாள் படம் போடுவதானால், கூட்டணித் தலைமையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதில் விழும் ஓட்டால் யாரும் ஜெயிக்க வேண்டாம். மொத்தத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, அடுத்த தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுக்கு அறிவாலயம் போகும் தோழரின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். ஏழு கேட்க உதவும்.

இப்படிக்கு,
கூட்டணி தர்மத்துக்குக் கட்டுப்பட்ட வாக்காளன்