பொருள்: புகாரை யாரிடம் கொடுப்பது என்பது தொடர்பாக

பெறுநர்: ஏபிநிக் அலுவலகம், பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா.
அனுப்புநர்: சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைத்துக்கொண்டு தூக்கத்தைத் தொலைத்த மனுதாரர்.

ஐயா, அம்மா,

மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. ‘உங்கள் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது, உடனே இங்கே அழுத்தவும்’ என்று அவருக்கு ஒரே இரவில் 14 மெயில்கள் வந்தன. அவருக்கு அந்த வங்கியில் கணக்கே கிடையாது. மெயிலின் தலைப்புப் பகுதியைத் திறந்து, ‘ரிசீவ்டு’ வரிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனதில் ஓர் ஐபி முகவரி சிக்கியது. அதை ஹூயிஸ் பதிவேட்டில் தேடினால், முதல் வரியிலேயே தங்கள் பெயர். ஆக, திருடன் பிரிஸ்பேனில் இருக்கிறான் என்று மனுதாரர் முடிவுகட்டினார்.

தவறுதான். தாங்கள் ஐபி முகவரிகளுக்கான பத்திரப்பதிவு அலுவலகம் மாதிரி. மனை யார் பேரில் இருக்கிறது என்று சொல்லலாம், அங்கே சாராயம் காய்ச்சுபவனைப் பிடிக்க முடியாது. சரி, மனை யார் பேரில்?

பதிவில் தொடர்பு முகவரிகளாக அட்மின்-சி (நிர்வாகம்), டெக்-சி (தொழில்நுட்பம்), ஐஆர்டி (பாதுகாப்புச் சம்பவக் குழு), அப்யூஸ்-சி (முறைகேட்டுப் புகார்) என்று நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஐஆர்டி 2010 நவம்பர் முதல் கட்டாயம். அப்யூஸ்-சியோ, பதிவின் கீழே இருக்கும் குறிப்பின்படி, அந்த ஐஆர்டியிலிருந்தே எடுத்து உருவாக்கப்பட்டவர். தகப்பனிடம் சொல்வதா, பிள்ளையிடம் சொல்வதா? ‘அப்யூஸ்’ என்ற பெயரில் ஒரு பெட்டி வையுங்கள், புகார் அங்கே வரட்டும் என்று இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 2142 சொன்னது 1997-இல்.

மனுதாரர் எதற்கும் இருக்கட்டும் என்று நால்வருக்கும் எழுதினார், ஆதாரமாக அந்த வங்கி மெயிலையும் இணைத்து. இரண்டு பவுன்ஸ் ஆகி வந்தன: ‘தங்கள் மெயிலில் மோசடி இணைப்பு உள்ளது, ஏற்க இயலாது.’ ஒன்று டிக்கெட் நம்பர் கொடுத்துவிட்டு உறங்கிவிட்டது. நாலாவது, தன் இணையதளத்தில் படிவம் நிரப்பச் சொன்னது. புகார்ப் பெட்டிக்கு வடிகட்டி போடக்கூடாது, படிவம் நிரப்பச் சொல்லக்கூடாது என்று தங்கள் கொள்கையே சொல்கிறதாமே!

2019 முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த முகவரிகளைச் சரிபார்க்கிறீர்கள். மெயில் வரும், 15 நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் இது ஓய்வூதியர் கொடுக்கும் வாழ்நாள் சான்று போலத்தான். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும். வேலை பார்க்கிறாரா என்று தெரியாது. பதிவில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று தேதியோடு பார்க்கிற மனுதாரர் போன்ற அப்பாவிகள், உள்ளே யாரோ படிக்கிறார்கள் என்று நம்பிவிடுகிறார்கள்.

எனவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து, ஒவ்வொரு பதிவிலும் ‘புகார் இங்கே மட்டும், மற்ற மூவரும் வேறு வேலைக்கு’ என்று ஒரே ஒரு வரி சேர்க்குமாறும், புகார் திரும்பி வந்தால் தங்களிடம் முறையிடும் முகவரியை அதன் பக்கத்திலேயே காட்டுமாறும் மனுதாரர் கேட்டுக்கொள்கிறார்.

இணைப்பு: மேற்படி வங்கி மெயில், ஒன்று. தயவுசெய்து பவுன்ஸ் செய்ய வேண்டாம்.
நகல்: அட்மின்-சி, டெக்-சி, ஐஆர்டி, அப்யூஸ்-சி.