விளக்கும் விளக்குமாறும்

கேள்வி: ஆஸ்பத்திரியில் காலி அறைக்குள் ஒரு கம்பம் தனியாக நீலமாக எரிகிறதே, என்ன வேண்டுதல்? (மாயவரம் வாசகர்)

பதில்: புற ஊதா விளக்கு. பழைய நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டார். அவர் விட்டுப்போன கிருமிகளுக்குக் காரியம் நடக்கிறது. அந்த நேரம் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: வெளிச்சம் பட்டால் கிருமி சாகுமா? காதில் பூ சுற்றுகிறீர்களா? (சேலம் வாசகி)

பதில்: 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர், கிருமியின் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமீன்களை ஒட்டவைத்துவிடும். அப்புறம் அதனால் பெருக முடியாது. கொலை என்பதைவிடக் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு என்பதே பொருத்தம்.

கேள்வி: வெளிச்சம் கிருமியை அடக்கும் என்று கண்டுபிடித்த புண்ணியவான் யார்? (திண்டுக்கல் மாணவர்)

பதில்: டௌன்ஸ், பிளன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள், 1877இல். வெயிலில் வைத்த சோதனைக்குழாய் தெளிவாக இருந்தது; நிழலில் வைத்தது கிருமி பெருகிக் கலங்கிப் போனது. பாயையும் தலையணையையும் வெயிலில் போட்ட நம் பாட்டிகள் கட்டுரை எழுதி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: அப்போ நோயாளியின் மெத்தையை மொட்டைமாடியில் போட்டால் போதுமே? (மதுரை சிக்கனவாதி)

பதில்: விளக்கில் வரும் அந்த 254 ரகம் வெயிலில் வராது. ஓசோன் மேலேயே மடக்கிவிடுகிறது. மடக்காவிட்டால் கேட்க நீங்களும் இல்லை, பதில் சொல்ல நானும் இல்லை.

கேள்வி: இனி ஆயாவுக்கு வேலை போய்விடுமா? (தஞ்சை வார்டு ஊழியர்)

பதில்: கட்டிலின் அடிப்பக்கம், டிரிப் ஸ்டாண்டின் மறுபக்கம், மூடிய டிராயர்: நிழல் விழுந்த இடமெல்லாம் கிருமிக்குச் சத்திரம். காய்ந்த ரத்தத்துளிகூட அதற்குக் குடைதான். விளக்குக்குக் குனியத் தெரியாது, ஆயாவுக்குத் தெரியும்.

கேள்வி: நிஜமாகவே பலன் உண்டா, விற்பனைத் தந்திரமா? (கோவை வியாபாரி)

பதில்: அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளில் சோதித்து, 2017இல் லான்செட் இதழில் எழுதினார்கள். வழக்கமான கிருமிநாசினியோடு விளக்கும் சேர்ந்தபோது, அடுத்து வந்த நோயாளிகளுக்குப் பிடிவாதக் கிருமிகள் தொற்றுவது சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஆனால் ப்ளீச் போட்டுத் துடைத்த அறையில், சி. டிஃபிசில் என்ற கிருமி விஷயத்தில் விளக்கால் கூடுதல் லாபமில்லை. குளித்து வந்தவனுக்கு மறுபடி எதற்கு வெந்நீர்?

கேள்வி: ஆன்லைனில் டார்ச் மாதிரி விற்கிறார்கள். கையில் அடித்துக்கொள்ளலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. தோல் சிவக்கும், கண்ணில் பட்டால் சில மணி நேரம் கழித்து மணலை வாரிக் கொட்டியதுபோல உறுத்தும். கைக்கு சோப்பு இருக்கிறது, விலையும் குறைவு.

கேள்வி: எங்கள் வீட்டு வாட்டர் ப்யூரிஃபையரிலும் நீல விளக்கு எரிகிறது. எரிந்தால் சரிதானே? (சென்னை குடும்பத்தலைவர்)

பதில்: கண்ணுக்குத் தெரிவது நீலம், கிருமியைக் கவனிப்பது கண்ணுக்குத் தெரியாத கதிர். பல்பு பழசானால் நீலம் தங்கும், கதிர் தேயும். ஆபீசில் ஃபேன் ஓடுகிறது என்பதற்காக ஆள் சீட்டில் இருக்கிறார் என்று நம்புவீர்களா?

கேள்வி: ஒரே வரியில் சொல்லுங்கள்: விளக்கா, விளக்குமாறா? (அவசரக்காரர், ஈரோடு)

பதில்: விளக்குமாறு வார்டில் தூசியைக் கிளப்பும், ஈரத்துணி முதலில், விளக்கு பிறகு. நோயாளியைப் பார்க்கப் போகும் நீங்கள், இரண்டுக்கும் முன்னால் கையைக் கழுவுங்கள்.