வண்டி எண் இல்லாதவனின் விண்ணப்பம்

பெறுநர்: 'மிஷன் லைஃப்' இயக்கத்தை நடத்தும் மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம், புதுதில்லி.

பூமித்தாயின் தவப்புதல்வர்களே,

சுற்றுச்சூழலைக் காக்கத் தாங்கள் சொல்லும் 75 நற்பழக்கங்களைப் பரப்பும் கூட்டம் ஒன்று போன வாரம் மாமல்லபுரம் கடற்கரை விடுதியில் நடந்தது. அழைப்பு வந்ததால் போனேன். செங்கல்பட்டில் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக நின்றுகொண்டே வந்து, இறங்கி வெயிலில் நடந்தேன். வாசலில் காவலாளி பதிவேட்டைத் திறந்தார்.

"வண்டி நம்பர் சொல்லுங்க."

"பஸ்ல வந்தேன்பா."

மேலும் கீழும் பார்த்தார். "டெலிவரின்னா பின்பக்க கேட்டு."

அழைப்பிதழைக் காட்டினேன். கட்டம் காலியாக இருந்தால் மேனேஜர் திட்டுவாராம். கடைசியில், பின்னால் வந்த இன்னோவாவின் எண்ணையே எனக்கும் எழுதி உள்ளே விட்டார். ஆக, ஆவணப்படி நான் டீசலில் வந்தவன்.

உள்ளே சால்வை போர்த்திக்கொள்ளும் குளிர். ஏசியை 24 டிகிரியில் வையுங்கள் என்று ஒருவர் வாசித்தார். லிஃப்டை விட்டுப் படி ஏறுங்கள். டிரெட்மில்லை விட்டு வெளியே ஓடுங்கள். ரயில்வே கேட்டில் எஞ்சினை அணையுங்கள். இவற்றைக் கடைப்பிடிப்பதாக ஓர் உறுதிமொழிப் படிவமும் நீட்டினார்கள். அருமையான யோசனைகள்! ஆனால் அணைப்பதற்கு முதலில் ஓர் எஞ்சின் வேண்டுமே, ஐயா? கடன் வாங்கியாவது ஒரு வண்டி எண் சம்பாதித்துவிட்டுத்தான் நான் திருந்த முடியும்.

ஓர் இந்தியர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு சராசரியாகச் சுமார் 2 டன். அமெரிக்கர் 14 டன். கோவளத்தில் மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற அம்மா அந்த 2 டன்னைக்கூட எட்டியிருக்க மாட்டார். எந்த முகத்தோடு அவரிடம் உறுதிமொழி கேட்கிறீர்கள்? கூடையைப் பார்த்ததும் நிற்காமல் போகிற பஸ்ஸிடம் கேட்டீர்களா?

மன்னிக்கவும். உப்புக்காற்றில் கொஞ்சம் சூடாகிவிட்டேன். தங்கள் கருணைக்குக் குறையேது!

பஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது: 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு, சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றது. யாரும் உறுதிமொழி எடுக்கவில்லை, செல்ஃபியும் எடுக்கவில்லை. ஏறினார்கள், இடம் கிடைக்காதவர்கள் நின்றார்கள். அதை 'ஓசி' என்று இளித்தவர்களும் உண்டு. அவர்களிடம் வண்டி எண் இருந்தது.

சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஒரு ரயில், பல ஆண்டுகளாகக் காகிதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கியது 1,000 ரூபாய். அன்று மேடையில் போர்த்திய பொன்னாடைகளுக்கே அதைவிடக் கூட ஆகியிருக்கும். தண்டவாளம் இல்லாத ஊரில் பொதுப் போக்குவரத்தின் மேன்மையைக் கேட்டுக் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன், குளிருக்கு இதமாக இருந்தது.

எனவே, ரயில்வே அமைச்சகத்திடம் அந்தப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரவில் திருக்கழுக்குன்றம் பக்கம் கூடுதலாக இரண்டு பஸ் விடச் சொல்லி மாநில அரசுக்கும் எழுதுங்கள். உறுதிமொழிப் படிவத்தை அதற்குப் பிறகு அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.