கட்டியங்காரனுக்கு ஏது ஸ்பெஷல்?

தமிழ் ஸ்டாண்ட்-அப்பில் பன்முகத்தன்மை இல்லை என்று யார் சொன்னது? இன்ஜினியரிங் படித்து வேலையை விட்டவர் இருக்கிறார்; இன்ஜினியரிங் படித்து இன்னும் வேலையை விடாதவரும் இருக்கிறார். அடையாறும் உண்டு, வேளச்சேரியும் உண்டு. 2020-இல் அமேசான் பிரைம் ‘காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா’ எடுத்தபோது நடுவர்கள் பிரவீன் குமார், கார்த்திக் குமார், ராஜ்மோகன். மூவரும் ஆண்கள், சட்டை மட்டும் வேறு வேறு.

இந்த வரைபடத்தில் கள்ளக்குறிச்சி மாவட்டம் எங்கே? உளுந்தூர்பேட்டை டோல்கேட்டில். திருச்சி ஷோவுக்குப் போகிற கார் அங்கே நிற்கும். ஃபாஸ்டேகில் பணம் இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்.

அதே தாலுகாவில்தான் கூவாகம். சித்திரையில் நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் கூத்தாண்டவர் கோயிலுக்கு வருகிறார்கள். அவர்களை வைத்துச் சினிமாக்காரர்கள் அடித்த ஜோக் ஏராளம். திருநங்கைகள் அடிக்கும் ஜோக்குக்கு மைக் வந்தபாடில்லை.

இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவை ராஜா முன்னாலேயே விடிய விடிய கலாய்ப்பான். டிக்கெட் இல்லை, சப்டைட்டில் இல்லை, எஃப்ஐஆரும் இல்லை. (அங்கேயும் திரௌபதி வேஷம் பெரும்பாலும் ஆணுக்குத்தான். நம்மூர்க் கலை என்பதற்காக அதைச் சொல்லாமல் விட முடியாது.)

இதே மாவட்டத்துக் கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டது 1976-இல், எமர்ஜென்சி காலத்தில். ஊருக்கெல்லாம் வாய்ப்பூட்டு போட்ட வருடத்தில் விடுதலை பெற்ற மலை! இப்படி ஒரு பஞ்ச்லைனை எந்த ஸ்பெஷலிலும் நான் கேட்டதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் மலைமேல் இருக்கிறார். ஓப்பன் மைக்கோ சென்னையில், ராத்திரி எட்டு மணிக்கு. முடிந்தபின் மலைமேலுள்ள வெள்ளிமலைக்குத் திரும்பும் பஸ்ஸை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும்.